கூரைமேல் யார் முடிவெடுக்கிறார்கள்?

அமெரிக்காவின் சிகாகோவை ஒட்டிய புறநகர்களில் அக்டோபர் மாதம் ஒரே பகலுக்குள் மூன்று பருவங்கள் வந்துபோவதுண்டு. விடிகாலையில் புல்மீது உறைபனி. பதினொரு மணிக்கு இதமான வெயில். பிற்பகல் மூன்று மணிக்குக் கண்ணாடிச் சுவர்கள் வழியே இறங்கும் சூடு. அங்குள்ள கடைகள், பள்ளிகள், சிறிய அலுவலகங்கள் பெரும்பாலும் தட்டையான கூரை கொண்ட ஒரே தளக் கட்டடங்கள். அந்தக் கூரைகளின்மேல் வரிசையாக இரும்புப் பெட்டிகள் நிற்கும். குளிரூட்டும் கம்ப்ரஸர், சூடேற்றும் எரிவாயு அடுப்பு, காற்றைத் தள்ளும் பெரிய விசிறி, வெளிக்காற்றை உள்ளே விடும் கதவு என எல்லாமே ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். 'ரூஃப்டாப் யூனிட்' என்பது தொழிலில் இதற்கு வழங்கும் பெயர்.

காலை ஆறு மணிக்கு அந்தப் பெட்டி எரிவாயுவை மூட்டிச் சூடான காற்றை அனுப்புகிறது. பதினொரு மணிக்கு அடுப்பும் எரியவில்லை, கம்ப்ரஸரும் ஓடவில்லை. வெளிக்காற்றை இழுத்தே கட்டடத்தைக் குளிர்விக்கிறது. மூன்று மணிக்குக் கம்ப்ரஸர் ஓடத் தொடங்குகிறது. இரவு கடை மூடியபின் ஏறக்குறைய எல்லாம் நின்றுவிடுகின்றன. நாள் முழுவதும் ஒருவரும் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை.

இந்த நான்கு மாற்றங்களையும் முடிவு செய்தது யார்? தத்துவவாதிகள் அரை நூற்றாண்டாகச் சண்டையிட்டுவரும் கேள்வி இது. பழைய தமிழ்ச் சைவ நூல்களும் வேறொரு வடிவில் இதைக் கேட்டிருக்கின்றன. எந்திரங்கள் நமக்காக 'முடிவெடுக்கின்றன' என்ற பேச்சு எங்கும் நிறைந்துவிட்ட இன்று, அந்தக் கேள்வியை இந்த எளிய பெட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. இதன் உள்ளே மறைவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அடியையும் விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

பெட்டிக்குக் கட்டளை வருவது சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டிலிருந்து. அங்கிருந்து மெல்லிய கம்பிகள் கூரைக்குப் போகின்றன. 'ஜி' என்ற கம்பியில் மின்சாரம் வந்தால் விசிறி ஓட வேண்டும். 'ஒய்' குளிரூட்டலுக்கு, 'டபிள்யூ' சூடேற்றலுக்கு. பெரிய யூனிட்டுகளில் ஒய்-1, ஒய்-2 என்று படிப்படியான அழைப்புகள் உண்டு. அறை 75 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் குளிர்வி, 70-க்குக் கீழே போனால் சூடாக்கு என்று வைத்திருப்பார்கள். நடுவில் உள்ள அந்த ஐந்து டிகிரிக்குள் இரண்டும் நடக்காது. டெட்பேண்ட் என்று இதைச் சொல்வார்கள். அமெரிக்க வெப்பமூட்டல், குளிர்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 90.1 என்ற தர விதி, குறைந்தது ஐந்து ஃபாரன்ஹீட் இடைவெளி வேண்டும் என்கிறது. அது இல்லாவிட்டால் எந்திரம் ஒரு நிமிடம் சூடாக்கி, மறுநிமிடம் அந்தச் சூட்டையே குளிர்வித்து, இரு பக்கமும் எரிபொருளைக் கொட்டும்.

ஒய்-1 அழைப்பு வந்த உடனே கம்ப்ரஸர் ஓடிவிடுவதில்லை. வெளியே காற்று போதிய குளிர்ச்சியுடன் இருக்கிறதா என்று பெட்டி முதலில் பார்க்கிறது. இருந்தால் வெளிக்காற்றுக் கதவைத் திறந்து, இயற்கையாகக் கிடைக்கும் குளிரையே பயன்படுத்திக்கொள்கிறது. எகனாமைசர் என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். சில இடங்களில் வெப்பத்தை மட்டும் பார்ப்பார்கள். ஈரத்தையும் சேர்த்துக் காற்றின் மொத்த வெப்ப ஆற்றலைக் கணக்கிடும் யூனிட்டுகளும் உண்டு. மழைக்குப் பிந்தைய மாலையில் வெளிக்காற்று குளிர்ந்திருந்தாலும் ஈரம் நிறைந்திருந்தால், இரண்டாவது வகை அதை ஏற்காது. வெளிக்காற்று உதவும் நேரங்களில், எகனாமைசரால் சமாளிக்க முடியாமல் ஒய்-2 அழைப்பும் வந்த பிறகுதான் கம்ப்ரஸர் ஓடும். ஒருமுறை நின்ற கம்ப்ரஸரை உடனே மறுபடி இயக்கினால் பழுதாகிவிடும். ஆகவே சில நிமிடம் காத்திருக்கச் சொல்லும் கடிகாரமும் உள்ளே உண்டு.

சூடேற்றுவதில் இன்னும் கண்டிப்பு. முதலில் புகையை வெளியே இழுக்கும் சிறு விசிறி ஓட வேண்டும். அது உண்மையிலேயே ஓடுகிறது என்று காற்றழுத்த சுவிட்ச் உறுதி சொல்ல வேண்டும். பிறகுதான் பொறி, அதன்பின் வாயு. சில நொடிகளுக்குள் சுடர் தெரியாவிட்டால் வாயு வால்வு மூடிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது புகை. காற்றுக் குழாயில் உள்ள புகை உணர்வி ஒலித்தால் கட்டடத்துக்குள் எவருக்கு எவ்வளவு வேர்த்தாலும் யூனிட் நின்றாக வேண்டும். தீயில் புகையைப் பரப்பும் கருவியாக அது ஆகிவிடக் கூடாது.

ஆக, இந்தப் பெட்டிக்குள் ஒரு மதிப்பு வரிசை இருக்கிறது. முதலில் உயிர். அடுத்து எந்திரத்தின் பாதுகாப்பு. பிறகு மனிதர் சுவாசிக்கும் காற்று. அதன்பின் இதம், சிக்கனம். ஒழுக்கவியல் ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்ததுபோல இருக்கும் இந்த வரிசையைப் பார்த்தால், பெட்டி ஏதோ யோசித்து நடப்பதாகத் தோன்றுவது இயல்புதான்.

அப்படித் துணிந்து சொன்னவர் ஜான் மெக்கார்த்தி. செயற்கை நுண்ணறிவுத் துறைக்குப் பெயர் சூட்டிய அவர், 1979-இல் எழுதிய கட்டுரையில் தெர்மோஸ்டாட்டுக்கும் நம்பிக்கைகள் உண்டு என்று பேசலாம் என்றார்: அறை அதிகம் சூடு, அதிகம் குளிர், சரியாக இருக்கிறது என்ற மூன்று. அடுத்த ஆண்டே தத்துவவாதி ஜான் சர்ல் இதைக் கடுமையாக மறுத்தார். மனிதருக்கு நம்பிக்கைகள் உண்டு, தெர்மோஸ்டாட்டுக்கு இல்லை என்ற இடத்தில்தான் மனத்தைப் பற்றிய ஆய்வே தொடங்குகிறது. அந்த வேறுபாட்டை அழித்துவிட்டு மனத்தை விளக்கப் போவது எதை விளக்க வந்தோமோ அதையே தொலைப்பது என்பது அவர் வாதம். டேனியல் டென்னெட் நடுவே நின்றார். ஒன்றின் நடத்தையை நம்பிக்கை, விருப்பம் என்ற சொற்களால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் அப்படிப் பேசுவதில் தவறில்லை, தெர்மோஸ்டாட்டுக்கும் மனிதனுக்கும் உள்ளது ஏணிப்படி வேறுபாடே என்றார். 1996-இல் டேவிட் சால்மர்ஸ் இன்னும் தூரம் போய், தெர்மோஸ்டாட்டாக இருப்பதில் மிக எளிய அனுபவம் ஏதேனும் இருக்குமோ என்று தம் நூலில் தீவிரமாகவே விசாரித்தார்.

இவர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே தத்துவவாதி ஸ்பினோசா ஒரு கடிதத்தில் எறியப்பட்ட கல்லைப் பற்றி எழுதினார். பறந்துகொண்டிருக்கும் கல்லுக்கு நினைவு வந்தால், தன் விருப்பத்தால்தான் பறக்கிறோம் என்றே அது எண்ணும். மனிதர் பெருமைப்படும் சுதந்திரமும் அத்தகையதே என்றார். பெட்டிக்கு விருப்பம் இல்லை என்று சொல்கிறவர் இந்தக் கல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். நமக்கு மட்டும் விருப்பம் எங்கிருந்து வந்தது? உடல், வளர்ப்பு, பழக்கம் என்று நம்மையும் கம்பிகள் இயக்குகின்றனவே.

பதிலை எந்திரத்தின் செயலிலேயே தேடலாம். இன்றைய யூனிட்டுகள் கற்றுக்கொள்ளவும் செய்கின்றன. எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது 70 டிகிரி இருக்க வேண்டும் என்றால், குளிர் மிகுந்த நாளில் எத்தனை மணிக்கே தொடங்க வேண்டும், மிதமான நாளில் எவ்வளவு தாமதிக்கலாம் என்பதைச் சில நாட்கள் ஓடிப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி பரவலாக இருக்கிறது. வழியை அது மாற்றுகிறது. ஆனால் 70 என்ற இலக்கு சரிதானா, எட்டு மணிக்கு உள்ளே வரப்போவது யார், அவர்களுக்கு அது போதுமா என்று ஒருபோதும் கேட்பதில்லை. நாம் ஆராய்வது இலக்கை அல்ல, வழியைத்தான் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். குணப்படுத்தலாமா என்று மருத்துவர் ஆராய்வதில்லை, எப்படி என்றே ஆராய்கிறார். அந்த அளவுகோலால் மட்டும் பார்த்தால் பெட்டியும் ஆராய்கிறது என்றாகிவிடும். ஆனால் மருத்துவருக்கு நோயாளி யார் என்று தெரியும், குணமாவது எதற்கு என்று தெரியும், கேட்டால் காரணம் சொல்லத் தெரியும். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: கேட்பவருக்குக் காரணம் சொல்வதும், காரணம் தவறானால் இலக்கையே திருத்துவதும். நம்மையும் கம்பிகள் இயக்கினாலும் இந்தக் கேள்வி-பதிலுக்குள் நாம் இருக்கிறோம். பெட்டி இல்லை.

இதே விவாதம் இந்திய மரபில் எந்திரத்தைப் பற்றி எழவில்லை, வினையைப் பற்றி எழுந்தது. ஒருவன் இன்று செய்த செயலின் பயன் நெடுங்காலம் கழித்து அவனையே வந்தடைகிறது. அதை யார் கொண்டுவந்து சேர்ப்பது? வேத வேள்வியை முதன்மையாகக் கொண்ட மீமாம்சகர் சொன்ன பதில்: எவரும் தேவையில்லை. வேள்வி முடிந்ததும் அபூர்வம் என்ற காணப்படாத ஆற்றல் பிறக்கிறது. அதுவே காலம் வரும்போது பயனைத் தரும். சைவ சித்தாந்தம் இதை ஏற்கவில்லை. வினை சடம். செய்தவன் யார் என்று அதற்குத் தெரியாது, எந்தப் பயன் எப்போது பொருந்தும் என்றும் தெரியாது. அறிவுள்ள ஒருவன் அறிந்து கூட்டினால்தான் வினைப்பயன் உரியவரைச் சேரும் என்பது சித்தாந்த வாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தின் இரண்டாம் நூற்பா, இருவினையையும் இறைவனின் ஆணையையும் சேர்த்தே பேசுகிறது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கப் பகுதியில் மீமாம்சகர் உள்ளிட்ட பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார்.

கூரைப் பெட்டியை மீமாம்சகர் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். விதி எழுதப்பட்டது, எழுதியவர் போய்விட்டார், ஆண்டுகள் கழித்தும் காலை ஆறு மணிக்குச் சூடு வருகிறது. அறிவுள்ளவர் பக்கத்தில் நிற்காமலே பயன் கிடைக்கிறது. ஆனால் சித்தாந்தியின் கேள்வி அதோடு ஓய்ந்துவிடாது. பயன் கிடைக்கிறது, சரி. உரியவருக்கு உரியபடி கிடைக்கிறதா? இறைவனைப் பற்றிய வாதத்தைப் பொறியாளரின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. சித்தாந்தத்தின் இறைவன் எங்கும் நீங்காமல் உடனிருப்பவன். கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவியவரோ பணம் வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுகிறார். இறந்தவர் எழுதிவைத்த உயிலைப்போல அவர் முடிவு மட்டும் நாள்தோறும் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. சடமான விதி தான் யாரைத் தொடுகிறது என்று அறியாது என்ற சித்தாந்தியின் அந்த ஒரு கூற்று மட்டும் இங்கே முழுதும் பொருந்துகிறது.

ஒரு பெட்டி, ஒரு அறை என்றிருக்கும்வரை இது சிறிய விஷயம். ஒரே யூனிட்டுக்குக் கீழே எட்டு, பத்து அறைகள் இருந்தால் நிலைமை மாறுகிறது. கிழக்கு அறையில் காலை வெயில் சுடுகிறது; வடக்கு அறையில் விரல் விறைக்கிறது. பெட்டி ஒன்றுதான், ஒரு நேரத்தில் சூடோ குளிரோ ஒன்றைத்தான் அனுப்ப முடியும். இத்தகைய கட்டடங்களில் அறைகள் வாக்களிக்கின்றன. தொழிலில் உள்ளவர்களே அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பக்கம் தேவை அதிகமோ அந்தப் பக்கம் யூனிட் திரும்பும். தோற்ற அறைகள் தம் காற்றுக் கதவைக் குறுக்கிக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்கும்.

2018-இல் ஆஷ்ரே வெளியிட்ட 36-ஆம் வழிகாட்டி இதை இன்னும் நுணுக்கமாக எழுதியிருக்கிறது. ஒவ்வொரு அறையும் 'வேண்டுகோள்' அனுப்பும். கொஞ்சம் சூடென்றால் ஒன்று. இலக்கைவிட மூன்று ஃபாரன்ஹீட் கூடிப்போனால் இரண்டு. ஐந்து கூடிப்போனால் மூன்று. ஒவ்வொரு அறைக்கும் முக்கியத்துவப் பெருக்கி என்று ஓர் எண் உண்டு; அதைக் கூட்டினால் அந்த அறையின் குரல் ஓங்கும், பூஜ்யமாக்கினால் அடங்கிவிடும். இவற்றுக்கு அப்பால் 'புறக்கணிக்கும் வேண்டுகோள்கள்' என்றும் ஓர் எண் இருக்கிறது. வேண்டுகோள்கள் அந்த எண்ணைத் தாண்டும்வரை அமைப்பு அவற்றுக்குச் செவிசாய்க்காது.

இதற்கு நல்ல காரணம் உண்டு. பழுதான உணர்வியோ, யாரோ மிகத் தாழ்வாக வைத்துவிட்டுப்போன தெர்மோஸ்டாட்டோ உள்ள ஒரே ஓர் அறை, கட்டடம் முழுவதையும் தன் பின்னே இழுத்து மின்சாரத்தைக் கொட்டவைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த எண். ஆனாலும் அது என்ன செய்கிறது என்பதைக் கண்திறந்து பார்க்க வேண்டும். எத்தனை பேர் கூப்பிட்டால் காது கொடுக்க வேண்டும், யாருடைய குரலுக்கு எத்தனை மடங்கு எடை என்பவை பன்னெடுங்காலமாக அறநூல்களும் அரசியலும் விவாதித்த கேள்விகள். இங்கே அவற்றுக்கான விடை ஒரு திரையில், ஒரு கட்டத்தில், ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் எண்ணைத் தட்டியவர் அங்கே இப்போது இல்லை.

இதம் என்றால் என்ன என்பதற்கே ஒரு சமன்பாடு இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த போவல் ஓலெ ஃபாங்கர் 1970-இல் அதை நூலாக வெளியிட்டார். காற்றின் வெப்பம், ஈரம், ஓட்டம், சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பம், உடை, உடல் உழைப்பு ஆகிய ஆறையும் கொண்டு பெரும்பான்மையோர் எப்படி உணர்வார்கள் என்று கணக்கிடும் முறை அது. உலகெங்கும் கட்டட விதிகளின் அடிப்படையாகிவிட்டது. ஃபாங்கரே நேர்மையாக ஒன்றைக் காட்டினார்: எல்லாம் மிகச் சரியாக அமைந்தாலும் நூற்றுக்கு ஐந்து பேர் அதிருப்தியாகவே இருப்பார்கள்.

அந்த ஐந்து பேர் யார் என்பது வெறும் தற்செயலாக இராது. போரிஸ் கிங்மா, வௌட்டர் வான் மார்க்கன் லிச்டன்பெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் இதைச் சுட்டிக்காட்டினார்கள். கணக்கில் சேரும் உடல்வெப்ப அளவு சராசரி ஆண் ஒருவரை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. பெண்களுக்கு அது 35 சதவீதம் வரை பிசகிப்போகலாம் என்றார்கள். கோடையில் அலுவலகத்தில் சால்வை போர்த்தி உட்காரும் பெண்களை எந்த எந்திரமும் வேண்டுமென்றே குளிரில் வாட்டவில்லை. யூனிட் தனக்குச் சொன்னதைப் பிழையின்றிச் செய்தது. எப்போதோ ஒருவர் உடலை அளந்து, அதை எல்லோர் உடலுமாக எடுத்துக்கொண்ட முடிவுதான் கூரையிலிருந்து இறங்கிவந்தது.

'சிஸ்டம் அப்படித்தான் செய்யும்' என்ற பதில் இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. குளிர்கிறது என்று புகார் சொன்னவருக்கு அலுவலக நிர்வாகி இதைச் சொல்லும்போது, ஒரு மனிதரின் முடிவு இயற்கை நியதியாக வேடம் மாறிவிடுகிறது. இயற்கையோடு வாதாட முடியாது, மனிதரோடு முடியும். அந்த வேடத்தைக் கலைப்பதுதான் இந்தத் தத்துவ விசாரணையின் நடைமுறைப் பயன். மெக்கார்த்தியின் பேச்சுமுறை எந்திரத்தைப் புரிந்துகொள்ள உதவலாம். யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் அதை விடையாகக் கொண்டுவரக் கூடாது.

முடிவைக் கருவியிடம் ஒப்படைத்ததும் பின்னர் அதன் விதியைத் திருத்தியதும் மனிதரே என்பதற்குச் சரித்திரச் சான்று உண்டு. வாரன் ஜான்சன் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிப் பேராசிரியர். பள்ளிப் பணியாளர் வகுப்பு வகுப்பாக நுழைந்து சூட்டைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போய் உலையைச் சரிசெய்வது அன்றைய வழக்கம். 1883-இல் ஜான்சன் காப்புரிமை பெற்ற மின் தெர்மோஸ்டாட், உலை அறையில் மணி அடித்து அந்தப் பணியாளரை அழைத்தது. அதுவரை கருவி அறிவிப்பாளன் மட்டும், செய்வது மனிதர். 1885-இல் அவர் மில்வாக்கியில் நிறுவனம் தொடங்கினார். அடுத்த பத்தாண்டுக்குள் காற்றழுத்தத்தால் வால்வைத் தானே திருப்பும் அமைப்பும் வந்தது. மணி கேட்டு எழுந்துபோன அந்தப் பணியாளர் சங்கிலியிலிருந்து விலகினார். அவரோடு, வகுப்புக்குள் நுழைந்து மாணவர் முகத்தைப் பார்த்த ஒரு ஜோடிக் கண்களும் விலகின.

2020-இல் கொரோனா வந்தபோது அந்தக் கண்கள் மறுபடி தேவைப்பட்டன. அதற்கு முன்பு வரை, அறையில் ஆட்கள் குறைவென்று கரியமில வாயு உணர்வி காட்டினால் வெளிக்காற்றைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவது நல்ல பழக்கமாகப் போற்றப்பட்டது. நோய் காற்றில் பரவுகிறது என்றதும் ஆஷ்ரேயே அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்து, முடிந்த அளவு வெளிக்காற்றை உள்ளே விடுங்கள், நுண்ணிய வடிகட்டிகளைப் பொருத்துங்கள் என்று பரிந்துரைத்தது. கூரையில் இருந்தவை அதே பெட்டிகள், அதே கம்பிகள், அதே கதவுகள். சிக்கனத்துக்கு மேலே சுவாசம் இன்னும் உறுதியாக வைக்கப்பட்டது. எந்த யூனிட்டும் தானாக அந்த முடிவுக்கு வரவில்லை. மனிதர்கள் ஏணி வைத்துக் கூரை ஏறினார்கள், கணினித் திரையைத் திறந்தார்கள், எண்களை மாற்றினார்கள்.

பெட்டிக்கு நம்பிக்கை உண்டா என்று மெக்கார்த்தியும் சர்லும் தொடங்கிய விவாதம் இன்னும் நெடுங்காலம் நடக்கட்டும். அதற்கு விடை வரும்வரை செய்யாமல் தள்ளிவைக்க முடியாத கடமை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெரிய கட்டடத்திலும் இந்த விதிகளை எழுதிய ஆவணம் இருக்கும். இயக்க வரிசை என்று அதைச் சொல்வார்கள். பள்ளியையோ மருத்துவமனையையோ அலுவலகத்தையோ நிர்வகிப்பவர்கள் அதைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டும். எந்த வெப்பத்தில் எது தொடங்குகிறது, எந்த அறையின் பெருக்கி பூஜ்யத்தில் இருக்கிறது, எத்தனை வேண்டுகோள் புறக்கணிக்கப்படுகின்றன என்பவற்றை அங்கே வேலை செய்பவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். அந்த எண்களை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்று ஒருவர் பெயரையும் எழுதிவைக்க வேண்டும். குளிர்கிறது என்று சொல்ல வருகிறவர், தெர்மோஸ்டாட்டிடம் அல்ல, அந்த மனிதரிடம் போய்ப் பேசட்டும்.